கிணற்றில் ஓடிய கால்

மூட்டு தேய்ந்துவிட்டது, தரையில் நடப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள், தண்ணீரில் நடங்கள், முடிந்தால் ஓடுங்கள் என்று போன வருடம் எலும்பு மருத்துவர் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். தண்ணீரில் ஓடுவது இந்தக் கிழவருக்கு வேடிக்கையாகப் படுகிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். சின்ன வயதுக்காரர், நல்லவர். மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் முழங்காலை எடுத்து வைத்துக்கொண்டு, தண்ணீர் எப்படி எடையைத் தாங்கிக்கொள்கிறது என்று பொறுமையாக விளக்கினார். அவர் பிறப்பதற்கு முன்பே அதையெல்லாம் படித்துத் தேர்வு எழுதியவன் நான். தெரியும் என்று அவரிடம் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது எனக்குப் பழகிப்போன காரியம்.

எனக்கு வாய்த்த நீச்சல் குளம் கிணறுதான். போடியிலிருந்து முந்தல் போகிற சாலையை ஒட்டி ஒரு மாந்தோப்பு. அதற்குள் சதுரமாக வெட்டிய பெரிய கிணறு. சுவரில் பதித்த கருங்கல் படிகள் தண்ணீர் வரைக்கும் இறங்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் தங்கை மகள் என்னை அங்கே கூட்டிப்போகிறாள். மற்ற நாட்களில் அவள் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்க ஜீப்பில் மலைக்குப் போய்விடுவாள். மூடி இறுக்கிய காலி எண்ணெய்க் கேன் ஒன்றை என் முதுகுப்பக்கம் வைத்து, இடுப்பைச் சுற்றிக் கயிற்றால் கட்டுவாள். எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குவது இப்படித்தான். தோள் வரை தண்ணீரில் இருக்கும்படி கேன் என்னைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். தரை தட்டாத ஆழத்தில் நான் நின்ற இடத்திலேயே ஓடுவேன். அவள் மேலே கிணற்றுச் சுவரில் உட்கார்ந்திருப்பாள், வலது காலை நீட்டியபடி. அந்தக் காலை அவளால் மடக்கிக்கொண்டு அதிக நேரம் உட்கார முடியாது.

அந்தக் காலைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன்னால் ஓட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்தது என்ன என்று விளங்காது.

தரையில் ஓடும்போது ஒவ்வோர் அடிக்கும் உடம்பு சற்றே மேலே எழும்பி ஒற்றைக் காலில் வந்து விழுகிறது. விழும் கணத்தில் அந்தக் கால் ஏற்பது உடம்பின் எடையைப் போல இரண்டு மடங்கு, வேகமாக ஓடினால் மூன்று மடங்கு. முன்னே போவதில் பெரிய சிரமம் இல்லை. வீசின கால் தானாகப் போய்விடும், காற்று வழி விட்டுவிடும். தரை திருப்பி அடிப்பதுதான் பாடு. அந்த அடியை முதலில் பாதம் வாங்குகிறது, பிறகு கணுக்கால், முன்னங்கால் எலும்பு, முழங்கால் என்று வரிசையாக மேலே ஏறுகிறது.

தண்ணீரில் எல்லாம் தலைகீழ். கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறவனுடைய காலில் அவன் எடையில் பத்தில் ஒரு பங்குதான் இறங்கும். ஆழத்தில் மிதந்தபடி ஓடினால் அதுவும் கிடையாது. அடி இல்லை, அதிர்வு இல்லை. ஆனால் காலை வீசுவது என்பதே அங்கே நடக்காது. எந்த இடத்தில் முயற்சியை விட்டோமோ அந்த இடத்தில் கால் நின்றுவிடும். தொடையை மேலே தூக்கவும் தண்ணீரைத் தள்ள வேண்டும், பின்னே கொண்டுபோகவும் தள்ள வேண்டும். வேகத்தை இரட்டிப்பாக்கினால் தண்ணீர் நான்கு மடங்காக எதிர்க்கும். நெஞ்சைச் சுற்றிலும் அமுக்குவதால் மூச்சை உள்ளே இழுப்பதே ஒரு வேலை. வியர்ப்பது தெரியாது. இதயம் தரையில் துடிப்பதைவிடச் சற்று மெதுவாகவே துடிக்கும், அதனால் நாம் படுகிற பாடு நமக்கே குறைவாகத் தெரியும். கரையேறிய பிறகுதான் இடுப்பும் அடிவயிறும் விட்டுப்போயிருப்பது புரியும்.

ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. எலும்பு அடி வாங்கித்தான் கெட்டிப்படும். அடிக்கும் அடிக்கும் நடுவே அதற்கு ஓய்வும் வேண்டும். தண்ணீர் மூச்சைக் காப்பாற்றும், சதையைக் காப்பாற்றும், எலும்பைக் கெட்டிப்படுத்தாது. தண்ணீரில் பழகியவன் தரைக்குத் திரும்பும்போது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்ப வேண்டும். இதை நான் கரும்பலகையில் எழுதிப்போட்டு நடத்தியிருக்கிறேன்.

நடத்தினேன் என்று சொல்வது கூட அதிகம். நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். கல்லூரியில் முறையாகப் படித்து, மேல்படிப்பும் முடித்துவிட்டு வந்தேன். வந்த பள்ளிக்கூடத்தில் என் பீரியடை வருடம் முழுக்கக் கணக்கு வாத்தியார் கேட்டு வாங்கிக்கொள்வார். நானும் கொடுத்துவிடுவேன். சுதந்திர தினத்துக்கு வரிசை நிற்க வைப்பதும், காலைக் கூட்டத்தில் விசில் ஊதுவதும், விளையாட்டு அறைச் சாவியை வைத்திருப்பதுமாக என் உத்தியோகம் முடிந்தது. டீக்கடையில் எனக்குப் பெயர் விசில் வாத்தியார். ஓய்வு பெற்ற அன்று தலைமை ஆசிரியர் பேசும்போது, என் காலத்தில் மைதானத்தில் ஒழுங்கு இருந்தது என்றார். ஓட்டம் இருந்தது என்று யாரும் சொல்லவில்லை. நான் பயிற்சி கொடுத்து ஒரு பிள்ளையாவது ஒரு சீருடை வேலைக்குப் போனதாக இல்லை.

என் தங்கை காய் எடுக்கப் போய்த்தான் மகளைப் படிக்க வைத்தாள். மகள் கல்லூரி முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் அதே ஜீப்பில் அம்மாவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். நான் ஓய்வு பெற்று ஒரு வருடம்கூட ஆகாத சமயம், ஒருநாள் சாயங்காலம் நேராக என் வீட்டுக்கு வந்தாள். மத்தியப் படையில் சேர்வதற்கான எழுத்துத் தேர்வில் தேறியிருந்தாள். இனி ஓட்டம் மட்டும் பாக்கி. ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்று மேலே, குறித்த நேரத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும்.

"வயசு இந்தத் தடவையோட முடிஞ்சிருது மாமா. இத விட்டா மலைதான்."

"ஏன், மலைக்கென்ன கொற?"

"ஒண்ணுமில்ல. அட்டை நம்மளக் கடிக்கும், கங்காணி காதக் கடிப்பாரு. வேற கொறையில்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளை எனக்கு மிகவும் பிடிக்கும். குழந்தையாக இருந்தபோது அவளுக்குக் காது குத்தியது என் மடியில் வைத்துத்தான். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்துவது வழக்கம். தலை அசையாமல் பிடித்துக்கொண்டு, வலிக்காது ஆத்தா, வலிக்காது என்று காதோரம் சொல்வது மாமனுடைய வேலை. சொன்னேன். குத்தியதும் வீறிட்டு அழுதாள், என் வேட்டியை நனைத்தாள், எல்லோரும் சிரித்தார்கள். ஊரே கூடி நின்று ஒப்புக்கொள்கிற பொய் அது.

அவளுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தேன். அதிகாலையில் ஜீப் வருவதற்கு முன்பு ஓட்டம். முதல் வாரத்திலேயே அவளுடைய மூச்சு எப்பேர்ப்பட்டது என்று தெரிந்துவிட்டது. மேட்டிலேயே ஏறி இறங்கி வளர்ந்த நெஞ்சு. டீக்கடையில் உட்கார்ந்து, இந்த வருடம் எங்கள் வீட்டிலிருந்து ஒரு பிள்ளை சீருடை போடும், வந்து பாருங்கள் என்றேன். விசில் வாத்தியார் இப்போதுதான் விசிலை நிறுத்தியிருக்கிறார் என்று ஒருவர் சொன்னார். நானும் சேர்ந்து சிரித்தேன். உள்ளே எரிந்தது.

வேகம் வர வேண்டும் என்று அவளை முந்தல் தாண்டி மலைச்சாலையில் ஏற்றி, அங்கிருந்து இறக்கத்தில் ஓடவிட்டேன். சமதரையில் வாங்குகிற அடியைவிட இறக்கத்தில் கால் வாங்குகிற அடி அதிகம். தார்ச்சாலை வேறு. அது முடிந்ததும் ஜீப் ஏறிப் போய், நாள் முழுக்கச் சரிவில் ஒற்றைக் காலை ஊன்றி நின்று காய் எடுப்பாள். சாயங்காலம் திரும்பி வருவாள். எலும்புக்கு ஓய்வு எங்கே இருந்தது என்று இப்போது கேட்கிறேன்.

"மாமா, முழங்காலுக்குக் கீழ ஒரு எடத்துல குத்துது" என்றாள் ஒருநாள்.

"எறக்கத்துல ஓடுனா அப்பிடித்தான் இருக்கும். போகப்போகச் சரியாயிரும்."

சரியாகவில்லை. பின்பு ஒருநாள் சாயங்காலம் ஜீப்பிலிருந்து அவள் இறங்குவதைப் பார்த்தேன். இடது காலை ஊன்றி, வலது காலைத் தரையில் மெதுவாக வைத்துப் பார்த்து, அப்புறம்தான் எடையை இறக்கினாள். வீட்டுக்குக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்தேன். முன்னங்கால் எலும்பின் உள்விளிம்பில் விரல் நுனியால் மேலிருந்து அமுக்கிக்கொண்டே வந்தேன். ஓரிடத்துக்கு வந்ததும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். சற்றுத் தள்ளி அமுக்கினேன், ஒன்றுமில்லை. மறுபடி அதே இடம். மறுபடி இழுத்தாள்.

கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடங்களில் அது ஒன்று. வலி பரவலாக இருந்தால் சதை. விரல் நுனி அளவு இடத்தில் மட்டும் சுருக்கென்று பிடித்தால் எலும்பு. மயிரிழை அளவு விரிசல் விழுந்திருக்கும். ஓட்டத்தை நிறுத்த வேண்டும், மேடு பள்ளத்தில் நிற்பதை நிறுத்த வேண்டும், படம் எடுத்துப் பார்க்க வேண்டும். நிறுத்தினால் இரண்டு மூன்று மாதத்தில் தானே கூடிவிடும். அவளுடைய ஓட்டத் தேர்வு அதற்கு முன்பே வந்துவிடும்.

"என்ன மாமா?"

"சதைப் பிடிப்பு."

"எலும்பு இல்லையே?"

"எலும்புன்னா ஒன்னால நிக்கவே முடியாது. தைலத்தப் போட்டுத் தேய்ச்சுக்க."

அன்று அந்த அறையில் வேறு யாரும் இல்லை. டீக்கடையில் சிரித்தவர்கள் இல்லை, கணக்கு வாத்தியார் இல்லை. ஆனால் நான் அவர்களுக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இதற்கு மேல் இதை எப்படி நல்லவிதமாகச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவளுடைய வயது வரம்புக்காகத்தான் சொன்னேன் என்று பல வருடம் எனக்குள் சொல்லிப் பார்த்தேன். அது பாதிதான். பாதி உண்மை தூங்க விடுவதில்லை.

தரையில் இனி அவளை ஓடவிட முடியாது என்பது எனக்குத் தெரியும். மூச்சு குறையவும் கூடாது. அப்போதுதான் கிணறு நினைவுக்கு வந்தது. புது முறை, வெளிநாட்டில் பெரிய ஓட்டக்காரர்களெல்லாம் செய்கிறார்கள் என்று அவளிடம் சொன்னேன். அது பொய் இல்லை. காயம்பட்டவர்கள் செய்வார்கள் என்ற பகுதியை மட்டும் விட்டுவிட்டேன்.

தோப்புக்காரர் எனக்குத் தெரிந்தவர். முதல் நாள் அவரும் வந்து கிணற்று மேட்டில் நின்றார். அவள் சுடிதாரோடு இறங்கி, இடுப்பில் கேனைக் கட்டிக்கொண்டு, நடுக்கிணற்றில் நேராக நின்று ஓட ஆரம்பித்தாள்.

"சார், ஒரு சந்தேகம். கெணத்துக்குள்ள ஓடுனா புள்ள எந்த ஊருக்குப் போயிச் சேரும்?"

"டில்லிக்கு" என்றாள் கிணற்றுக்குள்ளிருந்து அவள்.

"போகும்போது மோட்டாரப் போட்டு விட்டுட்டுப் போ ஆத்தா. மரத்துக்குத் தண்ணி பாயணும்."

என் தங்கையும் வந்திருந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, வெதைய வாளித் தண்ணியில போட்டுப் பாக்கையில மெதக்குறதப் பொக்குன்னு வழிச்சு எறிஞ்சிருவோம். முங்குறதுதான் மொளைக்கும். நீ என்னன்னா எம்மகள மெதக்கப் போட்டு வச்சிருக்க."

"ஒனக்கு வெதைதான் தெரியும். பேசாம நில்லு" என்றேன்.

"நா சும்மாதாண்ணே சொன்னேன். வெரசா முடிச்சு விடு, சட்டி அடுப்புல கெடக்கு."

தண்ணீரில் அவளுக்கு வலிக்கவில்லை. அதுதான் என்னைக் கெடுத்தது. நேராக நிமிர்ந்து, முழங்கை மடித்து, தொடை இடுப்பு உயரம் வரும்படி ஓடினாள். வேகத்தைக் கூட்டச் சொன்னால் கூட்டினாள். தண்ணீர் கொதிப்பது போல அலைந்து சுவரில் மோதியது. ஏறி வந்து கல்லில் உட்காரும்போது முகம் சிவந்து, உதடு வெளுத்து, "வயித்துக்குள்ள பிசையுது மாமா, ஆனா காலு சும்மா பஞ்சு மாதிரி இருக்கு" என்பாள். அந்தப் பஞ்சை நான் நம்ப ஆசைப்பட்டேன். காலையில் கிணறு, பிறகு ஜீப், பிறகு சரிவு. மலைக்குப் போவதை நிறுத்து என்று ஏன் நான் சொல்லவில்லை? நிறுத்தச் சொன்னால் எதற்கு என்று கேட்பாள். எதற்கு என்று கேட்டால் எலும்பு என்று சொல்ல வேண்டிவரும். கிணற்றில் காலுக்குக் கிடைத்த ஓய்வை மலைச்சரிவு அன்றன்றைக்கே வாங்கிக்கொண்டது. மறைத்த ஒன்றைக் காப்பாற்ற அதற்குப் பக்கத்தில் இருப்பதையெல்லாம் மறைக்க வேண்டியிருந்தது.

தேர்வு நெருங்கியபோது அவள் ஒரு தடவை கேட்டாள்.

"தரையில ஒரே ஒரு ரவுண்டு ஓடிப் பாக்கட்டா மாமா? காலு தரைய மறந்துறப் போகுது."

"வேண்டாம். அன்னிக்கு நேரா எறங்கு. புதுசா இருக்கும்."

ஓடிப் பார்த்தால் வலிக்கும். வலித்தால் தெரிந்துவிடும்.

தேர்வு வெளியூரில் ஒரு மைதானத்தில் நடந்தது. கூட வந்தவர்களைக் கம்பி வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். என்னைப் போல அப்பாக்களும் அண்ணன்களும் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். புறப்படச் சொன்னதும் ஒரு கும்பலாகப் பெண்கள் ஓடினார்கள். முதல் சுற்று முடியும் முன்பே மற்றவர்களுக்கு வாய் திறந்துவிட்டது. என் தங்கை மகளுடைய வாய் மூடியே இருந்தது. முன்வரிசைக்கு வந்தாள், பிறகு அதையும் தாண்டினாள். பக்கத்தில் நின்ற ஒருவர், "யாரு வீட்டுப் புள்ளப்பா அது, மான் மாதிரி போகுது" என்றார். "என் மருமக" என்றேன். நான் பயிற்சி கொடுத்தது என்றும் சொன்னேன். அவர் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன்.

கடைசிச் சுற்றின் வளைவில் அவள் விழுந்தாள். யாரும் தட்டிவிடவில்லை. ஓடிக்கொண்டே இருந்தவள் வலது கால் மடங்கி அப்படியே உட்கார்ந்தது போல் விழுந்தாள். எழுந்தாள். இடது காலால் இரண்டு முறை நொண்டி முன்னே போனாள். பிறகு கைகளை ஊன்றித் தவழப் பார்த்தாள். பின்னால் வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். குச்சி ஒடிகிற சத்தம் தன் காதுக்கே கேட்டது என்று பின்னால் சொன்னாள்.

வேலியைத் தாண்டி என்னை உள்ளே விட்டபோது அவள் ஓரத்தில் படுத்திருந்தாள். குனிந்து முகத்தைப் பார்த்தேன். கண்ணில் நீர் இருந்தது. ஆனால் அவளுக்கு மூச்சு வாங்கவே இல்லை. இலக்கைத் தொட்டுவிட்டு வந்த பெண்கள் சுற்றிலும் புல்லில் கிடந்து இரைத்துக்கொண்டிருந்தார்கள். இவள் பஸ்சுக்குக் காத்திருப்பவளைப் போல சீராக மூச்சு விட்டபடி, "மாமா, இன்னும் ஓடுவேன் மாமா" என்றாள். நான் கிணற்றில் வளர்த்த மூச்சு அது. அது அப்படியே மிச்சமிருந்தது.

ஆஸ்பத்திரியில் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்த மருத்துவர், இது இன்றைக்கு வந்ததில்லையே, முன்னாலேயே வலி இருந்ததா என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். "லேசா சதைப் பிடிப்பு மாதிரி இருந்துச்சு சார்" என்று நான் பதில் சொன்னேன். இரண்டாவது தடவையாகவும் சொன்னேன்.

எலும்புக்குத் தகடு வைத்தார்கள். கூடியது, ஆனால் பழைய கால் வரவில்லை. நடக்கும்போது சற்றே தாங்கி நடப்பாள். இரண்டு மாப்பிள்ளை வீட்டார் வந்து, காபி குடித்து, அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போகும் நடையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். மழைக்காலத்தில் மலைக்குளிரில் அந்தக் கால் வீங்கும். வீங்கின காலோடு சரிவில் நின்று காய் எடுப்பாள். என் தங்கை இதையெல்லாம் தன் மகளின் கணக்கில்தான் எழுதினாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எங்கண்ணன் என்ன பாடு பட்டாரு தெரியுமா. இவளுக்குத்தான் தெம்பு பத்தல. குடுத்து வைக்கல" என்பாள். மகளும் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். நானும்தான். ஒரு தடவைகூட நான் குறுக்கே பேசவில்லை.

என் மூட்டு போன பிறகு, மருத்துவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, "வாங்க மாமா, கெணறு இருக்கு, நா கூட்டிட்டுப் போறேன்" என்று சொன்னவள் அவள்தான். விட்டத்தில் தொங்கின கேனையும் அவளே தேடி எடுத்தாள். அது பழைய கேன்தான். அந்தக் கேன் என் முதுகில் உரசும்போதெல்லாம் எனக்குக் கூசியது. பல ஞாயிறுகள் அப்படிப் போயின. சில வாரங்களுக்கு முன்பு ஒரு ஞாயிறு, ஏறி வந்து தலை துவட்டிவிட்டு, சுவரில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். அன்றைக்கு அமுக்கிப் பார்த்தபோதே எலும்பு என்று எனக்குத் தெரியும் என்றேன். சுற்றி வளைக்கவில்லை.

அவள் ஈரக் கயிற்றை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றி முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"அன்னிக்கு நீங்க அமுக்கும்போது நா காலப் பாக்கல மாமா. ஒங்க மொகத்தத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

"பின்ன ஏன் கேக்கல?"

"கேட்டேனே. எலும்பு இல்லையேன்னு கேட்டேன்."

நான் துண்டை மடித்து மடியில் வைத்தேன்.

"ஒங்க மொகம் ஒண்ணு சொல்லுச்சு, வாயி ஒண்ணு சொல்லுச்சு. நீங்க படிச்சவரு. வாய நம்புனேன். எனக்கும் அதுதான் தோதா இருந்துச்சு."

"தெரிஞ்சிருந்தா ஓடாம இருந்திருப்பியா?"

"ஓடியிருப்பனோ என்னமோ. கடைசி வருசம்ல. ஆனா நாந்தான் ஒடச்சுக்கிட்டேன்னு இருந்திருக்கும். ஒடைஞ்ச காலையும் வச்சுக்கிட்டு, தெம்பு பத்தலன்னு எங்கம்மாட்டப் பேச்சும் வாங்கிக்கிட்டு..." கயிற்றைக் கேனின் கைப்பிடிக்குள் செருகினாள். "எங்கிட்ட சொன்னதுல ஒண்ணும் இல்ல மாமா. எங்கம்மாட்டச் சொல்லுங்க."

அன்று மாலையே தங்கை வீட்டுக்குப் போனேன். சொன்னேன். தங்கை முறத்தில் அரிசியைப் புடைத்தபடியே கேட்டாள். முதலில் அவளுக்கு விளங்கவில்லை. இரண்டாம் தடவை சொன்னதும் கை நின்றது. கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்பட வேண்டும் என்று விரும்பினேன் என்றுகூடச் சொல்லலாம்.

"நீ நல்லதுக்குத்தானண்ணே செஞ்ச."

"இல்லத்தா. தெரிஞ்சே சொல்லாம விட்டேன்."

"விடுண்ணே. வயசான காலத்துல இதப் போட்டு மனசுல வச்சுக்கிட்டு. அவ விதி அப்பிடி."

மறுபடி புடைக்க ஆரம்பித்துவிட்டாள். படித்த அண்ணன் தெரிந்தே தப்புச் செய்திருப்பான் என்பதைவிட, பெற்ற மகளுக்கு விதி சரியில்லை என்பது அவளுக்குச் சுலபமாக இருந்தது. எனக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது. அதற்கான விலையையும் அந்தப் பெண்தான் கொடுக்க வேண்டியிருந்தது. அடுத்தவர் காலில் நின்று வாங்கின மன்னிப்பு.

அடுத்த ஞாயிறு அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். கேனைக் கட்டும்போது கேட்டாள்.

"அம்மா என்ன சொன்னாங்க?"

"நீ நல்லதுக்குத்தான செஞ்சன்னு சொன்னா."

"ம்." முடிச்சை இழுத்து இறுக்கினாள். "சொல்லுவாங்க."

இறங்கினேன். ஓடினேன். தண்ணீர் சில்லென்று நெஞ்சைப் பிடித்தது. கொஞ்ச நேரத்தில் இடுப்பு வலியும் முழங்கால் வலியும் போய்விட்டன. எழுபது வயதுக்கு மேற்பட்ட உடம்பு எங்கே போனது என்றே தெரியவில்லை. அண்ணாந்து பார்த்தால் ஒரு சதுர வானம். அதன் ஓரத்தில் அவள். மலைப்பக்கமிருந்து காற்று இறங்கி மாவிலைகளைத் தள்ளிக்கொண்டிருந்தது. எந்த ஊருக்கும் போய்ச்சேராமல் நான் ஓடிக்கொண்டிருந்தேன்.

"வலிக்குதா மாமா?" என்று மேலிருந்து கேட்டாள்.

"இல்ல."

"மேல ஏறுங்க, தெரியும்."

கிண்டலாகச் சொன்னாளா, சாதாரணமாகச் சொன்னாளா என்று குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை. நீந்தி வந்து முதல் படியைப் பிடித்தேன். நெஞ்சு வெளியே வந்தது, தோளில் எடை இறங்கியது. இடுப்பு வெளியே வந்தது. தொடை வெளியே வந்தபோது முழங்கால்கள் இரண்டும் தண்ணீருக்கு வெளியே தங்கள் பாரத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டன. கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வழக்கமாக இந்த இடத்தில் அவள் இரண்டு படி இறங்கி வந்து கை கொடுப்பாள்.

அண்ணாந்து பார்த்தேன். சுவரில்தான் உட்கார்ந்திருந்தாள், வலது காலை நீட்டியபடி. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் அடுத்த படியில் காலை வைத்தேன்.